டோர் சொன்ன ‘டக்’

ஷட்டர் பாதிதான் ஏறியிருக்கிறது. குனிந்து நுழைந்தேன். கோயிலில் திரை போட்டு அலங்காரம் நடக்கும்போது ஓரமாக எட்டிப் பார்ப்போமே, அந்தப் படபடப்பு! உள்ளே நான்கு டயரில் நிற்கிறது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. கூரை இல்லை, பெயிண்ட் இல்லை, உடம்பெல்லாம் சாம்பல் பிரைமர். எனக்கோ ஆரத்தி எடுக்கலாம் போல இருந்தது.

“பேரு, ஏரியா எதுவும் போட்டுறாதீங்க சார்” என்றார் டிங்கரிங் மாஸ்டர். “ஏற்கெனவே மூணு பேரு ‘என் வண்டி எப்ப முடியும்’னு தேடிட்டு இருக்காங்க.”

சத்தியம் செய்த பிறகுதான் டீ வந்தது.

ஹெரால்டு நம்ம ஊர் வண்டி என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1961 முதல் செய்து விற்றது. நான்கு டோர் வைத்த ஹெரால்டு உலகத்திலேயே இங்கே மட்டும்தான் வந்தது. நான் பார்க்க வந்ததோ அதற்கு முந்தைய இரண்டு டோர். அதன் கூரையைக் கழற்றித் திறந்த வண்டியாக்கி, டோர் கைப்பிடியையும் எடுத்துவிட்டு, மழமழவென்று ஒரு கஸ்டம் வண்டி வேண்டுமாம் ஓனருக்கு. கைப்பிடி இருந்த ஓட்டையை அடைத்துத் தட்டிச் சமன் செய்தாயிற்று. லாக் திறக்க எங்கேயோ ஒரு ரகசிய ஸ்விட்ச். எங்கே என்று எனக்கும் சொல்லவில்லை.

கைப்பிடியை மழித்துவிடும் இந்த மோகம் 1940, 50களில் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் கொடிகட்டிப் பறந்தது. நம்ம ஆட்கள் பட்டி போடுகிற இடத்தில் அவர்கள் ஈயத்தை உருக்கி இழைத்து அரம் போட்டார்கள். ஈயம் பூசின மாதிரியும் இருக்கணும், பூசாத மாதிரியும் இருக்கணும் என்ற பழமொழி அவர்களுக்காகவே சொன்னது போல இல்லை?

சரி, இன்றைய விசேஷத்துக்கு வருவோம். டோர் லைன் பிடிக்கிற நாள்! டோருக்கும் பாடிக்கும் இடையில் ஓடும் அந்த இடைவெளி மேலிருந்து கீழே வரை ஒரே அகலத்தில் வர வேண்டும். நோட்டும் பேனாவுமாக டோர் பக்கம் போய் நின்றேன். மாஸ்டர் தரையில் சாக்கைப் போட்டுப் படுத்து, வண்டிக்கு அடியில் நழுவிப் போய்விட்டார். டோர் இங்கே இருக்க, ஆள் அங்கே!

அந்தக் கூத்துக்குக் காரணம் ஒரு பழைய வியாபாரப் பகை. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு-டிரையம்புக்கு பாடி அடித்துத் தந்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியை, போட்டியாளரான பிஎம்சி 1953-ல் வளைத்துப் போட்டது. முழு பாடியை ஒரே கூடாகச் செய்து தர ஆள் இல்லாமல் போயிற்று. போனால் போகட்டும் என்று, பாடியைத் துண்டு துண்டாகச் செய்து தனி சேஸின் மேல் போல்ட் போட்டு முடுக்கினார்கள். முன்பாதி ஒரு துண்டு, பின்பாதி ஒரு துண்டு. கூரையும் போல்ட்தான். பானட் இரண்டு மட்கார்டையும் சேர்த்து வாரிக்கொண்டு முன்னால் கவிழும், பெரியவர்களைப் பார்த்துக் கும்பிடுவது போல. இத்தாலியர் மிக்கெலோட்டியின் வடிவத்தில் டிரையம்ப் ஹெரால்டாக அது 1959-ல் வெளிவந்தது. அதுதான் இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆனது. போல்ட் போட்டதெல்லாம் அசையும். அசைவதெல்லாம் டோர் லைனைக் கெடுக்கும்.

“சார், டோர் மேல்பக்கம் பாருங்க” என்று அடியிலிருந்து குரல். பார்த்தேன். மேலே கடுகு நுழையாது, கீழே சுண்டுவிரல் போகிறது. “நடுவுல தொய்ஞ்சிருக்கு. கயித்துக் கட்டில் மாதிரி.” கூரையைக் கழற்றும் முன்பே டோர் வாசலுக்குக் குறுக்கே ஆங்கிள் இரும்பு கொடுத்துக் கட்டியிருந்தார். ஆனால் இந்தத் தொய்வு கூரை போனதால் வந்ததல்ல, வயசால் வந்தது. பாடி சேஸில் உட்காரும் இடங்களில் நடுவில் இருப்பதைத் தளர்த்தி, ஒரு தடித்த வாஷரைச் செருகி முடுக்கினார். என் கண் முன்னால் மேல் இடைவெளி வாய் திறந்தது! நான் கைதட்டிவிட்டேன். தம்பி ஒருவன் என்னை விநோதமாகப் பார்த்தான்.

அளவு பார்க்க அவனிடம் இருந்தது பழைய தடித்த ஐந்து ரூபாய் நாணயம் இரண்டு. ஒட்டிப் பிடித்து இடைவெளியில் மேலிருந்து கீழே இழுத்தான். “இங்க பிடிக்குதுண்ணே.” நாணயம் நின்ற இடத்தில் சாக்பீஸ் கோடு.

அடுத்து கீல். மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் 30 சென்டிமீட்டர் தூரம், டோர் நீளம் 90 என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்க் கீலுக்குப் பின்னால் ஒரு மில்லிமீட்டர் தகடு வைத்தால், டோரின் பின்முனை மூன்று மில்லிமீட்டர் ஏறும். தலைமுடி அளவு இங்கே, விரலளவு அங்கே! அதனால்தான் தகட்டை டப்பாவிலிருந்து எடுக்கும்போதே மாஸ்டர் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு காரியம் செய்திருந்தார்கள். தூணில் லாக் போய் மாட்டும் இரும்பை அடியோடு கழற்றி வைத்திருந்தார்கள். அது இருந்தால் தொங்கும் டோரையும் தூக்கிப் பிடித்து, எல்லாம் சரியாக இருப்பதாகப் பொய் சொல்லுமாம். டோருக்குள் கண்ணாடியும் கண்ணாடி ஏற்றும் மெஷினும் இருந்தாக வேண்டும். அந்தக் கனத்தில்தான் டோர் தன் நிஜ நிலைமைக்கு இறங்கும். இன்ஜின் உள்ளே இருக்க வேண்டும், டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி நிறுத்திப் பார்க்கிற லைனை நம்பவே கூடாது என்கிறார். என்னை டிரைவர் இடத்தில் உட்காரவைத்தும் ஒருமுறை நாணயத்தை ஓட்டினார்கள். என் எடை வரலாற்றில் முதல்முறையாக ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது.

கீல் முடிந்த பிறகுதான் ரப்பர் பீடிங். புது பீடிங் டோரை வெளியே தள்ளும். அதைப் பார்த்துப் பயந்து கீலைத் தொடுபவர் கத்துக்குட்டி. நாலு நாள் மூடி வைத்தால் ரப்பரே அமுங்கிவிடும். பானட் அதற்கும் பிறகு. ஹெரால்டில் பின்பாதியை நிலைநிறுத்தி, அதற்கு டோரைப் பொருத்தி, டோருக்கு பானட்டைப் பொருத்துவதுதான் முறை. முன்னாலிருந்து ஆரம்பித்தால் தப்பெல்லாம் சேர்ந்து பின்னால் வந்து நிற்கும்.

இரவு எட்டரை. லாக் இரும்பை மாட்டினார்கள். மாஸ்டர் டோரை ஒரே விரலால் தள்ளினார்.

‘டக்.’

தகர டப்பா சத்தமில்லை, பூட்டுச் சத்தம்! தம்பி சிரித்தான். மாஸ்டர் சிரிக்கவில்லை. பெயிண்ட் ஏறினால் இரண்டு ஓரமும் தடிக்கும், இடைவெளி குறையும் என்று அடுத்த கவலைக்குப் போய்விட்டார். நான் மட்டும் அந்த டோரை இன்னும் பதினோரு தடவை மூடித் திறந்தேன்.

கிளம்பும்போது தகர டப்பாவை ஆட்டிக் காட்டினார். உள்ளே முழுக்க வாஷர்கள். “இந்த வண்டியப் பிரிச்சவங்க எதுல எத்தனை வாஷர் இருந்துச்சுன்னு எழுதி வெச்சிருந்தா, எனக்கு மூணு வாரம் மிச்சம் சார்.” உங்கள் வீட்டு ஷெட்டில் ஒரு ஹெரால்டு தூங்கிக்கொண்டிருந்தால், ஸ்பேனரை எடுக்கும் முன் பேனாவை எடுங்கள்.