ஏற்காடு வீக்எண்ட் ரிட்ரீட்: நீங்க கட்டுற 14,750 ரூபாய் எங்கே போகுது?

"அக்கா, முழுக் காசும் வராதுன்னு தெரியும். அந்த ஜிஎஸ்டி காசாவது திரும்ப வருமா?"

ஃபேர்லேண்ட்ஸ்ல என் ஆபீஸுக்கு வந்து இப்படிக் கேட்டது ஒரு பொண்ணு. வயசு 27, தனியார் வங்கியில் வேலை, கைக்கு வர்ற சம்பளம் 32,000. ஏற்காட்டில் பெண்களுக்கு மட்டுமான இரண்டு இரவு ரிட்ரீட் ஒன்றுக்குப் பணம் கட்டியிருந்தார். காலையில் யோகா, அப்புறம் வாட்டர்கலர், சாயங்காலம் ஜர்னலிங், ராத்திரி கேம்ப்ஃபயர். போஸ்டரில் கட்டணம் 12,500, கீழே சின்ன எழுத்தில் "+18% ஜிஎஸ்டி". மொத்தம் 14,750. கிளம்ப வேண்டிய வெள்ளிக்கிழமை காலையில் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. ரிட்ரீட் நடத்துபவருக்கு மெசேஜ் போட்டால், "ஸாரி டியர், நோ ரீஃபண்ட் பாலிசி" என்று பதில்.

பில்லைக் காட்டச் சொன்னேன். போனில் ஒரு அழகான ரசீது இருந்தது. மேலே பூ, கீழே கையெழுத்து, நடுவில் 2,250 ரூபாய் ஜிஎஸ்டி. ஜிஎஸ்டி எண் மட்டும் எங்கேயும் இல்லை. பணம் போனது ஒரு தனிநபரின் யூபிஐ ஐடிக்கு.

இந்தக் கதையின் முடிவைக் கடைசியில் சொல்றேன். இந்த மாதிரி ரிட்ரீட்டுக்கு நம்ம ஊர்ப் பொண்ணுங்க நிறைய பேர் காசு கட்ட ஆரம்பிச்சிருக்காங்க, நம்மகிட்ட அதைப் பற்றி வரும் கேள்விகளும் அதிகமாகிடுச்சு. அதனால முதல்ல கணக்கைப் பார்த்துடலாம்.

இது புதுசும் இல்லை, வீண் செலவும் இல்லை

"ரெண்டு நாள் சும்மா உட்கார்ந்து படம் வரைய பன்னிரண்டாயிரமா?" என்று வீட்டில் கேட்பாங்க. கேட்கிற அம்மாவே வருஷம் தவறாம மேல்மருவத்தூருக்கு செவ்வாடை கட்டி, தெருப் பெண்களோட ஒரே பஸ்ஸில் போய் வந்தவங்களா இருப்பாங்க. என்னைக் கேட்டால் அதுவும் ரிட்ரீட்தான். சமையல் இல்லை, புருஷன் டிபன் கேட்க மாட்டார், கூட வர்றது முழுக்கப் பெண்கள். கருவறைக்குள் பெண்களே போய் பூஜை செய்யலாம், மாதவிலக்கு நாளிலும் தடை கிடையாது என்று சொன்ன இடம் அது. அந்த பஸ்ஸை ஏற்பாடு செய்த அக்கா எல்லாரிடமும் தலைக்கு இவ்வளவு என்று வசூலிப்பார், தன்னுடைய சீட்டுக்குக் காசு போட மாட்டார். அதுதான் அவருடைய லாபம். யாரும் அதைக் குறை சொன்னதில்லை.

வர்ஜீனியா வுல்ஃப் 1929-லேயே எழுதிட்டுப் போயிட்டாங்க, ஒரு பெண் எழுதணும்னா அவளுக்கென்று ஒரு அறையும் வருஷத்துக்கு 500 பவுண்டு வருமானமும் வேணும்னு. அமெரிக்காவில் ஹெட்ஜ்புரூக் என்ற இடம் 1988-லிருந்து பெண் எழுத்தாளர்களுக்கு தனிக் குடிசையும் சாப்பாடும் கொடுத்து எழுத வைக்கிறது, அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. நமக்கு அந்த வசதி இல்லாததால் சொந்தக் காசில் இரண்டு நாள் வாங்குறோம், அவ்வளவுதான். வாங்குங்க. விலை தெரிஞ்சு வாங்குங்க.

நடத்துறவங்க பக்கத்துக் கணக்கு

ஒரு மாதிரிக் கணக்கு போடுறேன். 12 பேர், தலைக்கு 12,500. ரூம் ஒரு இரவுக்கு 4,000, இரண்டு பேர் பகிர்ந்துகொண்டால் இரண்டு இரவுக்கு ஒருவர் பங்கு 4,000. சாப்பாடு ஒரு நாளைக்கு 1,200 வீதம் 2,400. பேப்பர், பிரஷ், கலர் 800. ஆக, ஒருவருக்கு 7,200. இதற்கு மேல் யோகா, ஓவியம் சொல்லித் தர்றவங்களுக்கு மொத்தமாக 20,000.

12 பேரும் வந்தால் வரவு 1,50,000, செலவு 1,06,400, மீதி 43,600. எட்டுப் பேர் வந்தால் மீதி 22,400. ஆறு பேர்தான் என்றால் 11,800. இந்த மீதியில்தான் நடத்துறவங்க ரூம், டீச்சர் ரூம், அவங்க சாப்பாடு, இன்ஸ்டாகிராம் விளம்பரம் எல்லாம் அடங்கணும். ஆறு பேர் பேட்ச்சில் கையைக் கடிக்கும்.

இப்போ புரியுதா, ஏன் "நோ ரீஃபண்ட்" என்று எழுதுறாங்கன்னு? ரிசார்ட்டுக்கு முன்பணம் கட்டியாச்சு, டீச்சருக்குச் சொல்லியாச்சு. கடைசி நாளில் நீங்கள் விலகினால் அந்த இடத்தை நிரப்ப ஆள் கிடையாது. அதனால் முழுப் பணத்தையும் எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனால் நீங்கள் வராததால் மிச்சமாகும் சாப்பாடு, மெட்டீரியல் செலவைக்கூட திருப்பித் தர மாட்டோம் என்பதும் நியாயமில்லை. பணம் கட்டும் முன்பே எத்தனை நாளுக்கு முன் சொன்னால் எவ்வளவு திரும்பும், இடத்தை ஒரு தோழிக்கு மாற்றிக் கொடுக்கலாமா, குறைந்தபட்சம் எத்தனை பேர் சேரலைன்னா அவங்களே கேன்சல் பண்ணுவாங்க என்பதை எல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கோங்க. போனில் சொல்வது நிற்காது. கூடவே ரிசார்ட் பேரைக் கேளுங்க, அன்றைக்கு அங்கே வேற கெஸ்ட் தங்குறாங்களா என்று அந்த ரிசார்ட்டுக்கே போன் போட்டு விசாரிங்க. பேரைச் சொல்லத் தயங்குறவங்களுக்கு நான் காசு அனுப்ப மாட்டேன்.

அந்த 2,250 ரூபாய்

சேவை தருகிறவரின் மொத்த விற்றுமுதல் வருஷத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டாத வரை தமிழ்நாட்டில் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் இல்லை. சின்ன அளவில் ரிட்ரீட் நடத்துறவங்க பலர் இந்த எல்லைக்குள்தான் இருப்பாங்க. அதில் தப்பே இல்லை. ஆனால் பதிவு செய்யாதவர் ஜிஎஸ்டி என்ற பேரில் ஒரு ரூபாய்கூட வசூலிக்கக் கூடாது. சிஜிஎஸ்டி சட்டத்தின் 32-வது பிரிவு இதை நேராகவே சொல்கிறது.

சரிபார்க்க இரண்டு நிமிஷம் போதும். ஜிஎஸ்டி எண் 15 இலக்கம், தமிழ்நாட்டில் பதிவானது என்றால் 33-ல் ஆரம்பிக்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் லாகின் இல்லாமலே அந்த எண்ணைப் போட்டுத் தேடலாம். யார் பேரில் இருக்கு, இப்போ செயல்பாட்டில் இருக்கா, ரத்தாகிடுச்சா எல்லாம் வந்துடும்.

பதிவு செய்தவராக இருந்தாலும் "எல்லாத்துக்கும் 18%" என்பதைக் கேள்வி கேட்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள ரூமுக்கு ஜிஎஸ்டி 5%. யோகா, ஜிம் போன்ற உடல்நலச் சேவைகளும் 18-லிருந்து 5%-க்கு வந்துவிட்டன. ரூம், சாப்பாடு, யோகா, ஓவிய வகுப்பு எல்லாம் ஒரே பேக்கேஜ் என்றால் எந்த விகிதம் என்பது அதில் எது முதன்மை, எப்படி பில் போடுறாங்க என்பதைப் பொறுத்தது, அங்கே எங்க ஆளுங்களுக்குள்ளேயே வாதம் நடக்கும். வாடிக்கையாளரா நீங்க கேட்க வேண்டியது ஒண்ணுதான்: "ஜிஎஸ்டி எண் போட்ட பில் தருவீங்களா?"

பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படியே முறையற்ற வணிக நடைமுறை. பேசித் தீரவில்லை என்றால் 1915-க்குக் கூப்பிடலாம். அதுக்கும் மேலே போகணும்னா சேலத்திலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு, இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே புகார் போடலாம், கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணமும் கிடையாது. ஆனா 2,250 ரூபாய்க்கு முதல் வேலையா அங்கே போகாதீங்க. ஒரு மரியாதையான மெசேஜ் செய்யும் வேலையை நான் பலமுறை பார்த்திருக்கேன்.

"இதை டாக்ஸ்ல காட்டலாமா அக்கா?"

அடுத்து வர்ற கேள்வி எப்பவும் இதுதான். சுருக்கமா: முடியாது.

எல்டிஏ என்றால் பயணக் கட்டணம் மட்டும்தான், ரூமும் ஓவிய வகுப்பும் அதில் வராது, அதுவும் பழைய வரி முறையில் மட்டும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு பஸ் டிக்கெட்டை வைத்து எல்டிஏ கேட்டால் உங்க எச்ஆர் சிரிப்பார். மன அமைதிக்குப் போனேன் என்று 80டி-யில் போடவும் வழியில்லை, அங்கே மெடிக்கல் இன்சூரன்ஸும் 5,000 ரூபாய் வரை தடுப்புப் பரிசோதனையும்தான் முக்கியமா வரும். கம்பெனியே "வெல்னஸ்" என்று காசு திருப்பித் தந்தால், பெரும்பாலும் அது சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு வரும்.

கொஞ்சம் கவனமா இருக்க வேண்டியது "நன்கொடை" விஷயத்தில். சில ஆசிரமங்கள் தங்குமிடம், சாப்பாடு, வகுப்பு எல்லாம் கொடுத்துவிட்டு 80ஜி ரசீது தருவாங்க. பதிலுக்கு நீங்க சேவை வாங்கியிருந்தால் அது கட்டணம், நன்கொடை இல்லை. ரசீது கையில் இருக்கே என்று கழிவு கேட்டால் நோட்டீஸ் வரும்போது பதில் சொல்ல வேண்டியது நீங்கதான். எப்படியும் புதிய வரி முறையில் தனிநபருக்கு 80ஜி கிடையாது. 2025-26 நிதியாண்டிலிருந்து அந்த முறையில் வருஷ சம்பளம் 12,75,000 வரை வரியே இல்லை. 32,000 சம்பளக்காரருக்கு இந்தக் கழிவால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை.

உண்மையான நன்கொடை முறை எப்படி இருக்கும் என்று பார்க்கணும்னா கோயங்கா வழி விபாசனா மையங்களைப் பாருங்க. சென்னை பக்கத்தில் திருமுடிவாக்கத்தில் தம்ம சேது இருக்கு. தங்க, சாப்பிட, கற்றுக்கொள்ள கட்டணமே இல்லை. ஒரு பயிற்சியையாவது முழுசா முடித்தவரிடம் மட்டும்தான் நன்கொடை வாங்குவாங்க. ஒரே சிக்கல், புதியவருக்கு அது பத்து நாள் மௌனம். மார்ச் க்ளோசிங்கில் இருக்கும் வங்கி ஊழியர் மேனேஜரிடம் பத்து நாள் லீவ் கேட்டுப் பாருங்க, மௌனம் அங்கேயே ஆரம்பிச்சுடும்.

கிரெடிட் கார்டில் அமைதி வாங்காதீங்க

14,750-ஐ கார்டில் போட்டு மினிமம் மட்டும் கட்டினால், மாதம் 3.5% வட்டி என்று வைத்தாலும் முதல் மாதமே ஏறக்குறைய 516 ரூபாய், அந்த வட்டி மேல் 18% ஜிஎஸ்டி 93. வருஷக் கணக்கில் 42 சதவீதம். ஏற்காட்டு மலையில் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கினதுக்கு அப்புறமும் தலை சுத்திட்டே இருக்கும்.

அதோட, போஸ்டரில் இருக்கும் விலை முழு விலை இல்லை. மலை ஏற கார், புது குர்தா, திரும்பும்போது காபித்தூளும் மிளகும், கீழே வந்ததும் தட்டுவடை செட். எப்படியும் மூவாயிரம் நாலாயிரம் கூடும். என் யோசனை, வங்கியில் 12 மாத ஆர்டி ஒன்று, மாதம் 1,500. வருஷக் கடைசியில் 18,000-மும் கொஞ்சம் வட்டியும் இருக்கும். அந்த ஆர்டிக்கு உங்க பேரை வையுங்க, வேற எதுக்கும் எடுக்காதீங்க. அவசரகால நிதி தனி. அது இல்லாதவங்க முதல்ல அதைச் சேருங்க, இந்த வருஷம் தோழிகள் நாலு பேர் சேர்ந்து பஸ் பிடிச்சுப் போய் லேடீஸ் சீட்ல உட்கார்ந்து கீழே சேலத்து விளக்கைப் பார்த்துட்டு வாங்க. வாட்டர்கலர் நோட்டை நீங்களே கொண்டு போகலாம்.

இனி அந்த 27 வயசுப் பொண்ணு. நாங்க இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு மெசேஜ் எழுதினோம். கோபம் இல்லை, மிரட்டல் இல்லை. "உங்கள் ஜிஎஸ்டி எண்ணுடன் பில் அனுப்ப முடியுமா? பதிவு இல்லை என்றால் அந்த 2,250-ஐ மட்டும் திருப்பி அனுப்புங்கள். மீதிக்கு அடுத்த பேட்ச்சில் இடம் கிடைக்குமா?" அவ்வளவுதான்.

மறுநாள் 2,250 வந்துடுச்சு. அதற்கு அடுத்த வாரம் ரிட்ரீட் நடத்துபவரே என் ஆபீஸுக்கு வந்தார். ஐடி வேலையை விட்டுவிட்டு, கைக்குழந்தையோடு இதை ஆரம்பித்தவர். ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இல்லை. ரிசார்ட்காரர் தனக்கு ஜிஎஸ்டி போட்டதால் தானும் போடணும்னு நினைத்து, வேற யாரோ போட்ட போஸ்டரைப் பார்த்து 18% என்று எழுதியிருக்கார். ரிசார்ட் பில்லைப் பார்த்தால் அவருக்குப் போட்டதே 5%தான். ரிசார்ட்டுக்குக் கட்டும் வரியை உங்க செலவாகக் கணக்கில் வைத்து விலை சொல்லலாம், தனியாக ஜிஎஸ்டி என்று எழுத மட்டும் கூடாது என்றேன். ஜிஎஸ்டி இல்லைன்னாலும் லாபத்துக்கு வருமான வரி ரிட்டர்னில் கணக்கு காட்டணும், ரிட்ரீட் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வேணும் என்பதையும் எழுதிக் கொடுத்தேன். பழைய பேட்ச்காரங்க லிஸ்ட்டை எடுத்து, வாங்கின வரிக் காசை ஒவ்வொருத்தருக்கா திருப்பி அனுப்ப அவருக்கு இரண்டு மாசம் ஆச்சு.

அப்பா வீடு திரும்பிய பிறகு, தை மாசத்து பேட்ச்சில் அந்தப் பொண்ணு ஏற்காடு போய் வந்தது. புது ரசீதை எனக்கு அனுப்பி வைத்திருந்தது. அதே பூ, அதே கையெழுத்து. 12,500 என்று ஒரே ஒரு வரி.