சுவரே, வாயை மூடு!

காலி அறையில் ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். 'டொய்ங்' என்று சுவர் பதில் சொல்கிறதா? 1895-ல் ஹார்வர்டின் ஒரு வகுப்பறையிலும் இதே தொல்லை. வாலஸ் சாபின் மெத்தைகளைக் கொண்டுவந்து போட, எதிரொலி அடங்கியது!

தென்னேரியில் எங்கள் கான்கிரீட் அறைக்கும் அதே வைத்தியம்தான். தறிச் சத்தத்தில் காது மந்தமான அப்பாவுக்கு, எதிரொலியில் யார் பேசினாலும் புரியவில்லை.

நாலடிக்கு ரெண்டடி மரச்சட்டம். உள்ளே ரெண்டு அங்குல ராக்வுல் (முகத்துக்கு மாஸ்க், கைக்கு கிளவுஸ் கட்டாயம்). மேலே காற்றுப் புகும் பருத்தித் துணி. சுவரிலிருந்து ரெண்டு அங்குலம் தள்ளி மாட்டினால் கனத்த குரலும் கொஞ்சம் அடங்கும். எதிரே புத்தக அலமாரி. அது ஒலியைச் சிதறடிக்கும். முட்டை அட்டையா? ஆம்லெட்டோடு சரி! பக்கத்து வீட்டு மிக்ஸியை மட்டும் இது தடுக்காது.

நாலு பலகை மாட்டியாச்சு. இப்போது அப்பா கேட்கிறார்: "ஏன்டா கத்தறே?"