மருந்து தராமல் அனுப்பினால் கைவிட்டதாக அர்த்தமா?

ரிப்போர்ட்டில் இரத்தப் புற்றுநோய் என்று எழுதியிருக்கு, ஆனா டொக்டர் மருந்து ஒன்னும் கொடுக்காம மூனு மாசம் கழிச்சு வாங்கன்னு அனுப்பிட்டாங்க. இப்படி நடந்தால் லயத்தில் என்ன பேச்சு வரும் என்பது நமக்குத் தெரியும். "தோட்டத்து ஆளுங்கதானேன்னு கவனிக்கல" என்பார்கள். பிறகு சேமலாப நிதிக் காசையும் நகையையும் தூக்கிக்கொண்டு பிரைவேட்டுக்கு ஓடுவார்கள். ஓடுவதற்கு முன் இதை ஒருமுறை வாசியுங்கள்.

நாட்பட்ட இரத்தப் புற்றுநோயில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. ஒன்று சி.எம்.எல். அதற்கு 2001 முதல் இமாட்டினிப் என்ற மாத்திரை இருக்கிறது. தெரிந்தவுடன் தொடங்கி விடாமல் குடிக்க வேண்டும். நாம் இங்கே பேசுவது மற்ற வகை, சி.எல்.எல். இது பெரும்பாலும் வயதானவர்களுக்கு வரும். வெள்ளைக்காரர்களிடம் அதிகம், நம்மைப் போன்ற ஆசிய மக்களிடம் குறைவு. வேறு எதற்கோ இரத்தம் எடுக்கும்போது வெள்ளை அணு கூடியிருப்பது தற்செயலாகத் தெரியவருவதுதான் வழக்கம்.

இது எல்லாருக்கும் ஒரே வேகத்தில் போகும் நோய் அல்ல. சுமார் மூன்றில் ஒரு பங்குப் பேருக்குக் கடைசிவரை மருந்தே தேவைப்படுவதில்லை. சிலருக்கோ ஓரிரு வருஷத்திலேயே தேவைப்படும். யார் எந்தப் பக்கம் என்று முன்கூட்டிப் பார்க்கத்தான் அணுவின் மேலிருக்கும் அடையாளங்களை எண்ணுகிறார்கள்.

ஸ்டோரில் அடுக்கிய தேயிலை மூட்டையைப் பிரிக்காமலே, மேலே அடித்திருக்கும் தோட்டத்துப் பேரையும் ரகத்தையும் பார்த்து உள்ளே என்ன என்று சொல்லிவிடுகிறோம் இல்லையா? இரத்த அணுவின் மேற்பரப்பிலும் அப்படிப் பலவகைப் புரதங்கள் உண்டு. அவற்றுக்குத்தான் சி.டி. என்ற எழுத்தும் ஓர் எண்ணும். சி.டி. 5, 19, 23 மூன்றும் ஒரே அணுவில் சேர்ந்திருப்பது சி.எல்.எல். நோயின் முக்கிய அடையாளம். அந்தந்தப் புரதத்தில் மட்டும் ஒட்டும் ஒளிரும் சாயத்தைக் கலந்து, அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் வெளிச்சத்தின் முன் ஓடவிட்டு மெஷின் எண்ணும். கொழும்பிலுள்ள பெரிய ஆய்வுகூடங்களில் செய்கிற சோதனை இது.

நோயின் வேகத்தைக் காட்டுவது சி.டி. 38, சி.டி. 49டி. நோய் அணுக்களில் நூற்றுக்கு 30 அல்லது அதற்கு மேல் சி.டி. 38 இருந்தால் நோய் சீக்கிரம் முற்றுவதை 1999 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். சி.டி. 49டி என்பது ஒட்டிப் பிடிக்கிற பிடி. மலையில் அட்டை காலைப் பிடிப்பது மாதிரி, அந்த அணு நெறியிலும் எலும்பு மச்சையிலும் பிடித்துக்கொண்டு அங்கேயே ஊட்டம் பெற்றுப் பெருகும். 2014 இல் பல நாடுகளின் ஏறக்குறைய 3,000 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இவ்வகைச் சோதனைகளில் இதுவே நன்றாக முன்கூட்டிச் சொன்னது. இதற்கும் அளவு 30 தான்.

ஆனால் 45 என்று வந்தால் உயிர் போச்சு என்று அர்த்தமில்லை. 10 என்று வந்தால் கிளினிக்கே வேணாம் என்றும் இல்லை. சி.டி. 38 காலத்தோடு மாறவும் கூடும். மரபணுச் சோதனையையும் உடம்பின் நிலையையும் சேர்த்துத்தான் டொக்டர்மார் தீர்மானிப்பார்கள். எண் கூடியிருக்கிறது என்பதற்காக மட்டும் மருந்து தொடங்குவதில்லை. ஆரம்ப நிலையிலிருந்த 1,500 பேருக்கு மேல் வைத்துப் பார்த்த முடிவை 1998 இல் பிரான்ஸ் வைத்தியர்கள் வெளியிட்டார்கள். உடனே குளோராம்புசில் மாத்திரை குடித்தவர்கள், காத்திருந்தவர்களை விடக் கூடுதல் காலம் வாழவில்லை. நகையை அடகு வைத்து வாங்க நினைப்பது இப்படி ஒரு மருந்தைத்தான்.

காத்திருப்பது என்றால் கிளினிக்கை விடுவதல்ல. மடுல்சீமையிலிருந்தோ லுணுகலையிலிருந்தோ பதுளைக்கு வந்து போனால் ஒரு நாள் பேர் போகும், பஸ் காசும் போகும். அது சின்ன விஷயமில்லை. ஆனாலும் ஆறு மாசத்துக்குள் வெள்ளை அணு இரண்டு மடங்கானால் அதைக் கண்டுபிடிக்கும் இடம் அதுதான். கழுத்து, கக்கம், தொடை இடுக்கில் நெறி பெருத்தாலும், இடது விலாவுக்குக் கீழே பாரமாக இருந்தாலும், ராத்திரியில் சட்டை நனைய வியர்த்தாலும், உடம்பு மெலிந்தாலும் கிளினிக் நாள் வரைக்கும் பார்த்திருக்க வேணாம். காய்ச்சல் என்றால் அன்றைக்கே காட்டுங்க. இந்த நோயில் எதிர்ப்புச் சக்தி குறைவு.

சி.டி. ரிப்போர்ட்டைப் போட்டோகொப்பி எடுத்துக் கிளினிக் கொப்பியோடு வையுங்க. பதுளையிலிருந்து மகரகம அபேக்ஷா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால், பழைய எண்களோடு ஒப்பிட அங்கே அதைத்தான் கேட்பாங்க.