கூடத்து விசிறி

தஞ்சாவூர்ச் சீமையில் வெயிலைப் பற்றிக் குறைப்படுபவர்களைக் காட்டிலும் புழுக்கத்தைப் பற்றிக் குறைப்படுபவர்களே அதிகம். அக்னி நட்சத்திர நாட்களில் ஆற்று மணல் கொதித்து, பாதரசம் 38, 39 டிகிரி வரை ஏறினாலும், திண்ணை நிழலில் ஒதுங்கி ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையில் பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாக வந்து வயல்களில் தேங்கி, நடவு முடிந்து ஊரெங்கும் பச்சை கட்டிய பிறகு, இலை அசையாத புரட்டாசி இரவுகளில் ஈரம் கனத்த ஆகாயம் மேலே கவிந்துகொள்ளும்போது, சரீரத்தில் துளிர்த்த வியர்வை துளிர்த்தபடியே நிற்கிறது, நித்திரை கிட்டுவதில்லை. இப்படிப்பட்ட சீமைக்குக் கூரையில் தொங்கும் மின்விசிறியைப் போல உபகாரமான யந்திரம் வேறொன்றில்லை.

வீட்டுக்குப் பனையோலை விசிறியும், கோர்ட்டுகளிலும் துரைமார் பங்களாக்களிலும் ஆள் வைத்து இழுத்த பங்காவும் போதுமென்று உலகம் இருந்த காலத்தில், 1882-ஆம் ஆண்டு வாக்கில், அமெரிக்காவில் பிலிப் டீல் என்பவர், தையல் யந்திரத்துக்காகத் தாம் அமைத்த மோட்டாரில் இலைகளைப் பூட்டிக் கூரையில் தொங்கவிட்டார். நம் பக்கத்தில் 1934-இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டு, 1937-இல் அங்கே மின்சார உற்பத்தியும் தொடங்கியது. அன்றுமுதல் காவிரி, வயலுக்கு வரும் வழியிலேயே விசைச் சக்கரங்களைச் சுழற்றிக் கொடுத்துவிட்டும் வருகிறாள்.

விசிறி அறையைக் குளிரச் செய்கிறது என்பது பெரும்பாலோர் அபிப்பிராயம். சாளரங்களைச் சாத்திய அறையொன்றில் வெப்பமானியை மாட்டிவிட்டு, ஆளில்லாமல் விசிறியை மணிக்கணக்கில் ஓடவிட்டுப் பார்த்தால், விசிறியால் பாதரசம் இறங்குவதில்லை என்பதும், மோட்டாரின் சொந்த உஷ்ணம் சேர்வதால் அற்பமாக ஏறவும் கூடும் என்பதும் விளங்கும். சருமத்தை ஒட்டி நிற்கும் ஈரமான காற்றுப் படலத்தை அப்புறப்படுத்தி, வியர்வை ஆவியாவதற்கு வழிவிடுவதே விசிறியின் காரியம். ஆவியாகும் வியர்வை உடம்பின் உஷ்ணத்தை வாங்கிக்கொண்டு போகிறது. கசியும் மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இதே தத்துவத்தால்தான். ஆகவே, அனுபவிக்க மனிதர் இல்லாத அறையில் சுழலும் விசிறி, எத்தனை சிக்கனமானதாயினும், முழு விரயமே. உச்சிப்பொழுதில் காற்று சருமத்தைவிடச் சூடாகிவிடும் சில நாட்களில் விசிறி அனலையும் சேர்த்தே வீசும்; அவ்வேளையில் வயோதிகர்கள் ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டும், அடிக்கடி நீர் அருந்திக்கொண்டும் அதன்கீழ் அமர்வது உசிதம்.

கும்பகோணத்திலும் திருவையாற்றிலும் இன்னும் எஞ்சியிருக்கும் பழைய வீடுகளில், சூடான காற்று முற்றத்தின் வழியே மேலேறிப் போய்விட, வாசலிலிருந்து கொல்லைவரை நேராக ஓடும் நடையில் புதுக்காற்று உள்ளே வரும். நாட்டு ஓடு பொழுது சாய்ந்ததும் சீக்கிரம் ஆறிவிடும். கான்கிரீட் தளமோ பகல் முழுவதும் வெயிலைக் குடித்து, இரவெல்லாம் அதைக் கீழே உமிழ்கிறது. மாடியறை விசிறி அனலாக வீசுகிறதென்று சலித்துக்கொள்பவர்கள், தளத்தின் அடியில் தேங்கிய அந்த உஷ்ணத்தையே விசிறி கீழே தள்ளுகிறது என்பதை உணர்ந்தால், புது விசிறி வாங்குவதற்கு முன்னால் மொட்டைமாடியில் தட்டோடு பதிப்பதைப் பற்றியோ, குறைந்தபட்சம் வெள்ளை பூசுவதைப் பற்றியோ யோசிப்பார்கள். பகலில் மேற்குச் சாளரத்தை மூடி, அந்தி சாய்ந்ததும் எதிரெதிர்ச் சாளரங்களைத் திறந்துவைப்பதற்குச் செலவே இல்லை. அம்மியையே பறக்கவிடும் என்று பேரெடுத்த ஆடிக்காற்றின் போது, அப்படித் திறந்த வீட்டில் விசிறிக்கு விடுமுறையே கொடுக்கலாம்.

விசிறியின் இலை தரையிலிருந்து ஏழடிக்குக் குறையாமலும் ஒன்பதடிக்கு மேற்போகாமலும், கூரையிலிருந்து ஓரடியாவது இறங்கியும் இருத்தல் நலம். தேக்கு உத்திரங்களின்மேல் செங்கல்லைக் குத்திட்டு அடுக்கிய பழைய உயர்ந்த மச்சுகளில், நீண்ட கம்பியில் தொங்கவிடாவிட்டால் காற்று மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். பத்தடி, பன்னிரண்டடிச் சதுர அறைக்கு 1200 மில்லிமீட்டர், அதாவது 48 அங்குல விசிறி போதும். நீண்ட கூடத்துக்குப் பெரிய விசிறி ஒன்றைவிட இடம்விட்டு மாட்டிய இரண்டு விசிறிகள் மேல்.

“காத்தே வரலை தம்பி, புதுசு வாங்கிடலாமா?” என்று வீட்டு அம்மாள் கேட்க, எலக்ட்ரீஷியன் ஸ்டூல்மேல் ஏறி மேல் கிண்ணத்தை இறக்கிப் பார்த்துவிட்டு, “மோட்டார் நல்லாத்தான் இருக்கும்மா, கண்டென்சர்தான் வீக்காயிடுச்சு” என்பது ஊரெங்கும் நடக்கும் சம்பாஷணை. கட்டை விரலளவேயான அந்த 2.5 மைக்ரோஃபாரட் கண்டென்சரை மாற்றியதும் விசிறி பழைய வேகத்தை அடைகிறது. போகிக்கு வீட்டைத் துப்புரவு செய்யும்போது மட்டும் நினைவுக்கு வரும் இலைகளின் தூசியை, மாதம் ஒருமுறை ஈரத் துணியால் துடைத்தாலே காற்று கூடும். தொட்டால் சுடுகிற பழைய பெட்டி ரெகுலேட்டர், வேகத்தைக் குறைத்து மிச்சமாகும் மின்சாரத்தில் ஒரு பகுதியைத் தானே உஷ்ணமாக்கித் தின்றுவிடுகிறது. மின்னணு ரெகுலேட்டரில் அந்த நஷ்டம் மிகச் சொற்பம்.

சாதாரண விசிறி ஏறக்குறைய 75 வாட் இழுக்கையில், பி.எல்.டி.சி. எனப்படும் புதுவகை மோட்டார் பூட்டிய விசிறி 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. தினம் 12 மணி நேரம் சுழன்றால், இரு மாதத்தில் முன்னது 54 யூனிட், பின்னது 22 யூனிட். மூன்று விசிறிகள் உள்ள வீட்டில் வித்தியாசம் 97 யூனிட். இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசமாகப் பெறும் தமிழ்நாட்டுக் குடும்பம், அந்த இலவசத்துக்கு ஏறத்தாழ ஈடானதைத் தானே சம்பாதித்துக்கொண்டதாகிறது. பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் மின்னழுத்தம் தாழும் கிராமங்களில், சாதாரண விசிறி தள்ளாடும்போதும் இது வேகம் தளராமல் சுழலும். 2023 ஜனவரி முதல் கூரை விசிறிகளுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயமாகிவிட்டபடியால், வாங்குபவர் அதைப் பார்த்தே தேர்ந்துகொள்ளலாம். ஏ.சி. வைத்திருப்பவர்களும் விசிறியை மெதுவாக ஓடவிட்டு, 22-இல் வைப்பதை 26-இல் வைத்தால், ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும்.

இத்தனையும் கேட்டு எல்லா விசிறிகளையும் ஒருசேரக் கழற்றி எறிய வேண்டியதில்லை. இரவு முழுவதும் சுழலும் படுக்கையறை விசிறியை முதலிலும், பகலெல்லாம் ஓடும் கூடத்து விசிறியை அடுத்தும் மாற்றினால், போட்ட பணம் விரைவில் திரும்பிவிடும். விருந்தாளி வரும்போது மட்டும் ஓடும் அறைக்குப் பழைய விசிறியே தாராளமாகப் போதும்.