கிளிஞ்சலுக்கும் தாகம் எடுக்கும்!

அடுப்பு இல்லை, விறகு இல்லை. ஆனாலும் பானையில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது! எப்படி என்று கேட்கிறீர்களா, குழந்தைகளே?

நான் சிறுவனாக இருந்தபோது, பொங்கலுக்கு முன் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிப்போம். சுட்ட கிளிஞ்சலை வாங்கி வந்து பெரிய மண்பானையில் போட்டு, தாத்தா தண்ணீர் ஊற்றுவார். சற்று நேரத்தில் 'புஸ்'ஸென்று ஆவி கிளம்பும். "கிட்ட வராதீங்கடா, கண்ணு போயிடும்!" என்று எங்களை விரட்டுவார். ஆசிரியர் பயிற்சிக்குப் படித்தபோதுதான் எனக்குக் காரணம் புரிந்தது.

கிளிஞ்சல், சிப்பி, மட்டி ஆகியவற்றின் ஓடுகளில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். ஓட்டைச் சூளையில் சுமார் 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால், அதிலிருந்து கார்பன்-டை-ஆக்சைடு வாயு வெளியேறிவிடும். மிஞ்சுவது கால்சியம் ஆக்சைடு. இதுதான் சுட்ட சுண்ணாம்பு. 100 கிராம் கால்சியம் கார்பனேட்டைச் சுட்டால் கிடைப்பது 56 கிராம்தான். 44 கிராம் வாயுவாகப் பறந்துவிடும்!

சுட்ட சுண்ணாம்புக்குப் பெருந்தாகம். 56 கிராம் சுண்ணாம்பு 18 கிராம் தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். அப்போது வெப்பம் வெளிப்படும். பானை கொதித்த ரகசியம் இதுதான். தண்ணீரே ஊற்றாமல் வைத்தாலும் சும்மா இருக்காது. காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். அதனால் ஜப்பானில் உலர்ந்த கடற்பாசி, அரிசி வறுவல் போன்றவை நமத்துப் போகாமல் இருக்க, டப்பாக்களில் சுட்ட சுண்ணாம்புப் பொட்டலம் வைக்கிறார்கள்.

ஜப்பானின் ஹொக்கைடோ தீவில், 'ஸ்காலப்' என்னும் விசிறி வடிவச் சிப்பியின் சதையை எடுத்தபின், ஆண்டுதோறும் சுமார் 2 லட்சம் டன் ஓடு மிஞ்சுகிறது. குவித்துப் போட்டால் நாற்றம் எடுக்கும், ஈ மொய்க்கும், இடமும் வீணாகும். இத்தகைய ஓடுகளைக் கழுவி, சுட்டு, பொடியாக்கினால் ஈரம் உறிஞ்சும் பொருள் கிடைக்கிறது. அந்த அளவுக்கு மலையை வெட்டிச் சுண்ணாம்புக் கல் எடுப்பது குறையும் அல்லவா?

இன்னொரு வழியும் உண்டு. ஓட்டை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்தால் கால்சியம் குளோரைடு கிடைக்கும். இது காற்றின் ஈரத்தைக் குடித்துக் குடித்துக் கடைசியில் தானே கரைந்து நீராகிவிடும். துணி அலமாரியில் ஈரத்தைப் போக்க இதை டப்பாவில் அடைத்து வைப்பார்கள்.

ஆனால் ஒன்று, குழந்தைகளே! உணவு டப்பாவில் கிடைக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் எதுவாக இருந்தாலும் பிரிக்காதீர்கள், தண்ணீரில் போடாதீர்கள். சுட்ட சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே பறிபோகலாம். தவறிப் பட்டுவிட்டால், கசக்காமல் உடனே நிறையத் தண்ணீரால் தொடர்ந்து கழுவிக்கொண்டே பெரியவர்களைக் கூப்பிடுங்கள், மருத்துவரிடம் போகவேண்டும். தாத்தா விரட்டியது கோபத்தால் அல்ல!

ஈரத்தை உறிஞ்ச உறிஞ்சச் சுண்ணாம்புப் பொட்டலம் உப்பிக்கொண்டே வரும். நன்றாக உப்பிவிட்டால் அதன் தாகம் தீர்ந்தது என்று பொருள். இப்போது உள்ளே இருப்பது, அன்று எங்கள் வீட்டுச் சுவரில் பூசிய அதே நீற்றுச் சுண்ணாம்புதான்.

செய்து பாருங்கள்: கடற்கரையில் பொறுக்கிய ஒரு கிளிஞ்சல் துண்டை வினிகரில் போடுங்கள். குமிழ்கள் கிளம்பும். சூளையில் பறந்து போகும் அந்த வாயுதான் இது!