வழிச்செல்லும் வண்ணத்துப்பூச்சிகளும் வேலியோரச் செடிகளும்

தென்னிந்தியாவில் வருஷந்தோறும் இரண்டு பருவங்களில் கருமையும் நீலமும் கலந்த வண்ணத்துப்பூச்சிகள் கூட்டங்கூட்டமாக ஒரே திசையை நோக்கிப் பறந்து செல்வதைக் காணலாம். சொர்ணவாரிப் பயிர் வயலில் நிற்கும் சித்திரை, வைகாசி மாதங்கள் ஒன்று. சம்பா நடவு முடிந்து வடகிழக்குப் பருவமழையை எதிர்நோக்கியிருக்கும் புரட்டாசி, ஐப்பசி மாதங்கள் மற்றொன்று. இவை பூவைத் தேடி அலைகின்றன என்றே குடியானவர்களில் அநேகர் எண்ணுகிறார்கள். உண்மையில் இவை அலையவில்லை; ஒரு மலைத்தொடரிலிருந்து மற்றொரு மலைத்தொடருக்கு யாத்திரை செல்கின்றன. இந்த யாத்திரையைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எவ்வாறு கற்பிக்கலாம் என்பதும், அதனால் நிலமுடையவர்களுக்கு உண்டாகும் பிரயோஜனம் யாது என்பதும் இங்கே விளக்கப்படும்.

பூச்சிகளின் இனமும் யாத்திரையும்

இவற்றில் முக்கியமானவை நீலவரியன், கருநீலவரியன் என்னும் இரண்டு வகைகளும், கருப்பன் என்னும் இனத்தைச் சேர்ந்த இரண்டு வகைகளுமாம். வரியன்களின் கருஞ்சிறகில் வெளிர்நீலக் கோடுகளும் புள்ளிகளும் உண்டு. சாதாரணக் கருப்பன் கருங்கபில நிறமுடையது. அதன் சிறகோரத்தில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக அமைந்திருக்கும்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் தென்மேற்குப் பருவமழை கடுமையாகப் பெய்யும். அம்மழை தொடங்குமுன் இவை மலையை விட்டுக் கிழக்கேயுள்ள சமவெளிகளுக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளுக்கும் வந்து சேருகின்றன. பின்னர் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி மீண்டும் மேற்கு நோக்கித் திரும்புகின்றன. பனிக்காலத்தில் மேற்கு மலைப் பள்ளத்தாக்குகளில் மரக்கிளைகள் மறையும்படி இவை கூட்டமாக அடைந்திருப்பதுமுண்டு. மழையின் போக்கையொட்டி யாத்திரைக் காலம் வருஷத்துக்கு வருஷம் முன்பின் ஆகும். இந்தப் போக்குவரவைப் பற்றிக் கிருஷ்ணமேக் குண்டே என்னும் சாஸ்திரி 2005-ம் வருஷத்தில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் சஞ்சிகையில் விரிவாக எழுதியுள்ளார். சிறு பூச்சியாயினும் இது செல்லும் தூரம் சில நூறு கிலோமீட்டராகும்.

வழியில் இவற்றுக்கு வேண்டியவை

நெடுவழி செல்பவருக்குச் சோறும் தண்ணீரும் நிழலும் வேண்டியிருப்பது போல, இப்பூச்சிகளுக்கு மூன்று பொருள்கள் வேண்டும்.

முதலாவது, முட்டையிடுவதற்கு ஏற்ற செடி. நீலவரியனின் புழு கொடிப்பாலை முதலிய பால்கொடிகளின் இலையைத் தின்று வளரும். கருப்பனின் புழு அரளி, நன்னாரி, ஆல், அத்தி ஆகியவற்றின் இலையைத் தின்னும். இரண்டாவது, தேனுள்ள பூ. மூன்றாவது, ஒருவகைக் கசப்புச் சத்து. இச்சத்து கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு ஆகிய செடிகளில் உள்ளது. ஆண் பூச்சிகள் இச்செடிகளின் வாடிய இலைகளிலும் தண்டுகளிலும் கூட்டமாக மொய்த்து, அவற்றைக் கீறிச் சாற்றை உறிஞ்சும். பெண் பூச்சியைக் கவரும் வாசனையை உண்டாக்கிக் கொள்ளவும், பறவைகள் தம்மைத் தின்னாமல் விலக்கவும் இச்சத்து அவற்றுக்கு உதவுகிறது. பசுந்தாள் உரத்துக்காகக் குடியானவர்கள் விதைக்கும் சணப்பும் இந்தக் கிலுகிலுப்பைக் குடும்பத்தைச் சேர்ந்ததே என்பது கவனிக்கத்தக்கது.

அமெரிக்க தேசத்து உதாரணம்

வட அமெரிக்காவில் மோனார்க் என்று ஒரு வண்ணத்துப்பூச்சி உண்டு. எருக்கஞ்செடியின் உறவான பால்செடிகளே அதன் புழுவுக்கு ஆகாரம். கனடா தேசத்தின் தென்பகுதியிலிருந்தும் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலிருந்தும் அது குளிர்காலத்துக்கு முன் புறப்பட்டு, சுமார் 4,000 கிலோமீட்டர் வரை பறந்து, மெக்ஸிகோ தேசத்து மலைக்காடுகளை அடைகிறது. திரும்பி வடக்கே செல்லும்போது ஒரே பூச்சி முழு வழியையும் கடப்பதில்லை. வழியிலுள்ள பால்செடிகளில் முட்டையிட்டு அது மடிய, அதன் மக்களும் பேரமக்களும் மிகுதி வழியைச் செல்லுகின்றன. ஆகையால் வழியிற் செடியில்லையேல் யாத்திரையும் இல்லை.

அப்பூச்சிகள் குளிர்காலத்தில் எங்கே தங்குகின்றன என்பதை உலகம் நெடுங்காலம் அறியவில்லை. டொராண்டோ சர்வகலாசாலையைச் சேர்ந்த ஃபிரெட் அர்க்கார்ட் என்பவரும் அவர் மனைவி நோராவும் பூச்சிகளின் சிறகில் சிறு காகிதச் சீட்டை ஒட்டிவிடும் முறையைக் கைக்கொண்டு, பல ஊர்களிலும் தொண்டர்களைச் சேர்த்தனர். 1975-ம் வருஷம் ஜனவரியில் மெக்ஸிகோ மலையில் அவ்விடம் கண்டுபிடிக்கப்பட்டது. 1976-ல் அர்க்கார்ட் அங்கே சென்றபோது சீட்டு ஒட்டிய பூச்சி ஒன்று அவர் கையில் கிடைத்தது. அதனை ஒட்டியவர்கள் மினஸோட்டா ராஜ்யத்தில் சாஸ்கா என்னும் சிற்றூர்ப் பள்ளியின் ஆசிரியர் ஒருவரும் அவருடைய மாணவர் இருவருமே. பண்டிதர்கள் பலகாலம் தேடிய விஷயத்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் சாட்சி கொடுத்தார்கள்.

இவ்வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. 1996–97 குளிர்காலத்தில் மெக்ஸிகோவில் சுமார் 18 ஹெக்டேர் காட்டில் நிறைந்திருந்த மோனார்க் கூட்டம் 2013–14-ல் 0.67 ஹெக்டேராகச் சுருங்கியது. காடு வெட்டப்பட்டதும் பருவக் கோளாறும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. சோளம், சோயா வயல்களில் களைக்கொல்லி மருந்தை மிகுதியாகத் தெளித்ததால் பால்செடிகள் அழிந்ததும் முக்கிய காரணமென்பது ஆராய்ச்சியாளர் பலருடைய அபிப்பிராயம்.

பயிருக்குத் தீங்கு உண்டோ?

வண்ணத்துப்பூச்சி என்றவுடனே புழுவும் சேதமும் குடியானவர் நினைவுக்கு வருவது இயற்கையே. எலுமிச்சை இலையைத் தின்னும் புழுவும், மாதுளங்காயைத் துளைக்கும் புழுவும் வண்ணத்துப்பூச்சிகளின் மக்களே. ஆனால் வரியன்களின் புழுக்கள் நெல், வேர்க்கடலை, கரும்பு, காய்கறி எதனையும் தொடுவதில்லை. கருப்பனின் புழு அரளியைத் தின்னுமாகையால், அரளிப்பூ பயிரிடுவோர் மாத்திரம் தளிர்களைக் கவனித்துவரல் வேண்டும்.

தீங்கில்லை என்பது போதுமா, நன்மை உண்டா என்று கேட்கலாம். இப்பூச்சிகளால் நேரே உண்டாகும் நன்மை சிறிதே. ஆயினும் இவை தங்கும் பூச்செடிகளிலேயே, நெற்பயிரின் குருத்துப்பூச்சி முட்டைகளை அழிக்கும் சிறு குளவிகளும் தேன் அருந்துகின்றன. தாய்லாந்து, சீனா, வியட்நாம் ஆகிய தேசங்களில் நெல்வயல் வரப்புகளில் எள் முதலிய பூக்கும் செடிகளை வளர்த்துச் செய்த பரீக்ஷைகளின் பலன் 2016-ல் வெளியாயிற்று. பூச்சிமருந்து தெளிப்பு 70 சதவிகிதம் குறைந்தது. மகசூலும் 5 சதவிகிதம் கூடியது. ஆகையால் வழிச்செல்லும் வண்ணத்துப்பூச்சி ஒரு வயலோரத்தில் தங்கிச் செல்லுமாயின், பயிருக்குத் துணைசெய்யும் மற்றப் பூச்சிகளுக்கும் அங்கே இடமுண்டென்று கொள்ளலாம். அது வராத இடத்தில் குளவிகளுக்கும் தேனீக்களுக்கும் ஆகாரம் உண்டா என்று பார்த்தல் நலம்.

பள்ளியிற் கற்பிக்கும் முறை

சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையிலுள்ள சுங்குவார்சத்திரமும் அதைச் சூழ்ந்த கிராமங்களும் இப்பாடத்துக்கு மிகவும் ஏற்றவை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் தொழிற்சாலைகள் பெருகப் பெருக விளைநிலம் குறைந்துள்ளது. எஞ்சியுள்ள வயல்களும் தரிசுகளும் ஏரிகளுமே இப்பூச்சிகளுக்கு இங்கே தங்குமிடம். அங்கு படிக்கும் பிள்ளைகளிற் பலருக்கு வயலில் இறங்கிய பழக்கமே இல்லாமற் போகின்றது.

முதற்பாடத்தை எருக்கஞ்செடியிலிருந்து தொடங்குவது எளிது. மோனார்க்கின் நெருங்கிய உறவான வெந்தயவரியன் எருக்கிலையின் அடியில் ஒவ்வொன்றாக முட்டையிடும். கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமான வளையங்களும், முதுகில் மூன்று ஜோடிக் கொம்புகளும் உடைய அதன் புழுவைப் பிள்ளைகள் எளிதில் அடையாளம் காண்பார்கள். ஒன்றிரண்டு புழுக்களை வலை கட்டிய பெட்டியில் வைத்து, நாள்தோறும் புதிய இலை இட்டுவந்தால், முட்டை முதல் பூச்சி வரையில் உள்ள மாறுதல் அனைத்தையும் ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் காணலாம். பூச்சி வெளிவந்ததும் பறக்கவிட்டுவிட வேண்டும். எருக்கம்பால் கண்ணிற் பட்டால் பெருந்தீங்கு விளையும். ஆகவே இலையை ஆசிரியரே பறித்துத் தருதல் வேண்டும். பிள்ளைகள் வேலை முடிந்ததும் கைகழுவுதல் வேண்டும்.

இரண்டாம் பாடம் எண்ணிக்கை. சுமார் 50 அடி இடைவெளியுள்ள இரண்டு பனைமரங்களையோ கம்பங்களையோ குறித்துக்கொண்டு, வெயில் ஏறிய காலை வேளையில் 10 நிமிஷம் ஒரே இடத்தில் நின்று, அவற்றிடையே கடக்கும் பூச்சிகளை எண்ண வேண்டும். ஒரு திசையிற் செல்பவற்றை ஒரு மாணவனும் எதிர்த்திசையிற் செல்பவற்றை வேறொரு மாணவனும் எண்ணுதல் அவசியம். இரு தொகையும் ஏறக்குறையச் சமமாயின் அவை அங்கேயே இரை தேடுகின்றன. ஒரு திசைத் தொகை மிகவும் அதிகமாயின் யாத்திரை நடக்கின்றது. தேதி, நேரம், காற்றின் திசை, மேகம், மழை, பூச்சியின் வகை, எண்ணிக்கை ஆகியவற்றை நோட்டுப் புத்தகத்தில் வரிசையாக எழுதிவர வேண்டும். ஒன்றும் காணாத நாளில் பூஜ்யம் என்று எழுதுவதும் தவறலாகாது. கிராமத்தில் எந்தச் சர்வே எண்ணில் எந்தப் பயிர் நிற்கிறதென்பதை அடங்கல் காட்டுவது போல, எந்த நாளில் எந்தப் பூச்சி சென்றதென்பதை இந்நோட்டு காட்டும். சில வருஷங்கள் விடாது எழுதப்பட்டால் இது ஊருக்கே ஒரு தஸ்தாவேஜாகும். பூச்சிகளைத் துரத்துவதும் பிடிப்பதும் கூடாது. மருந்து தெளித்த வயலுக்குள் பிள்ளைகளை விடலாகாது.

நிலமுடையவர்களும் கிராம அதிகாரிகளும் செய்யத்தக்கவை

நெல்வயலின் உள்வரப்புகளை அண்டைவெட்டிச் சுத்தமாக வைத்திருப்பதே நல்லது. புல் மண்டிய வரப்பில் எலியும், பயிரைக் கெடுக்கும் சில பூச்சிகளும் தங்கும். ஆனால் வேலி, கிணற்றுமேடு, பாதையோரம், களத்துமேட்டின் சுற்றுப்புறம் ஆகியவற்றில் களைக்கொல்லி தெளிக்க வேண்டுவதில்லை. அங்கே வேண்டாத முட்செடிகளை மாத்திரம் அரிவாளால் அகற்றினால் போதும்.

சணப்பு விதைத்தவர்கள் பூக்கும் தருணத்தில் மடக்கி உழும்போது, ஓரத்தில் ஒரு வரிசையை விட்டுவைத்தால் அடுத்த வருஷத்துக்கு விதையும் கிடைக்கும். வழிச்செல்லும் பூச்சிகளுக்குச் சத்தும் கிடைக்கும். அவ்வரிசையில் கம்பளிப்புழு கண்டால் கையாற் பொறுக்கி அழிக்கலாம்.

புறம்போக்குகளில் சீமைக் கருவேலைக் களையும்போது, அதனுடன் கொடிப்பாலை, நன்னாரி, தேள்கொடுக்கு முதலிய நாட்டுச் செடிகளையும் இயந்திரத்தால் ஒருசேர வாரி எடுத்துவிடாதபடி கிராம அதிகாரிகள் பார்த்துக்கொள்ளலாம். இதற்குத் தனிச் செலவு ஏதுமில்லை.

வேடந்தாங்கல் குடியானவர்கள் இவ்விஷயத்தில் வழிகாட்டிகளாவர். ஏரியில் வந்து தங்கும் பறவைகளின் எச்சம் கலந்த நீர் தங்கள் வயலுக்கு உரமாவதை அறிந்து, அவர்கள் அப்பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தார்கள். 1798-ம் வருஷத்தில் செங்கற்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் அவ்வுரிமையை அவர்களுக்கு அங்கீகரித்துக் கொடுத்தார். அது சட்டமும் சரணாலயமும் ஏற்படுவதற்கு மிக முந்திய காலம். வந்து தங்கும் விருந்தைக் காப்பது தமக்கும் நன்மையே என்று அக்குடிகள் கண்டிருந்தனர்.

சுங்குவார்சத்திரம் என்னும் பெயரிலேயே வழிப்போக்கர் தங்கும் சத்திரம் இருக்கின்றது. இவ்வட்டாரத்துப் பள்ளிகள் ஐப்பசி யாத்திரைக்கு முன்பே எண்ணிக்கை நோட்டைத் தொடங்குவதும், நிலமுடையவர் ஒவ்வொருவரும் வேலியோரத்தில் ஒரு முழ அகலம் மருந்து படாமல் விட்டுவைப்பதும் இவ்வருஷமே செய்யக்கூடிய காரியங்களாம்.