ஆள் மாறிய பழி

கௌபாய்ப் படம் என்றாலே குதிரை, துப்பாக்கி, இறுதியில் ஒரு சண்டை என்று நாம் எளிதில் ஒதுக்கிவிடுகிறோம். அவ்வகையில் தலைசிறந்தவை என எண்ணப்படும் படங்களின் வரிசையில், 1958-இல் வெளிவந்த 'தி பிரவடோஸ்' இடம்பெறுவது அரிது. நம் கருத்திலும் அது நிறைவான படம் அன்று. ஆயினும், அது எழுப்பிய வினா பெரிது. அவ்வினாவின் முன் படமே தயங்கி நின்றுவிட்டது என்பதே நம் குறை.

ஹென்றி கிங் இயக்கிய இப்படத்தில் கிரிகரி பெக், ஜிம் டக்ளஸ் என்னும் பண்ணையாளராக வருகிறார். அவருடைய மனைவி கொடுமைக்குள்ளாகிக் கொலையுண்டாள். நால்வரே அதைச் செய்தவர்கள் என நம்பி அவர்களைத் தேடி அலைகிறார். வேறொரு குற்றத்திற்காகத் தூக்குத் தண்டனை பெற்றிருந்த அந்நால்வரும், போலித் தூக்கிலிடுவோன் ஒருவனின் துணையால் சிறையிலிருந்து தப்புகின்றனர். ஜிம் பின்தொடர்கிறார். அகப்பட்டவனிடம் மனைவியின் படத்தைக் காட்டுகிறார். லீ வான் கிளீஃப் ஏற்ற பாத்திரம், அவளைக் கண்டதே இல்லை என்று மண்டியிட்டுக் கெஞ்சுகிறது. ஜிம் நம்பவில்லை, நாமும் நம்பவில்லை! படத்தின் வலிமை முழுவதும் இவ்விடத்தில்தான் உள்ளது. இவ்வாறு மூவர் மாள்கின்றனர்.

நான்காமவனாகிய லூஹானின் குடிலில் உண்மை வெளிப்படுகிறது. ஜிம்மின் வீட்டிலிருந்து களவுபோன பணப்பை லூஹானிடம் இருக்கிறது. அதை அவன் எடுத்ததோ ஜிம்மின் அண்டை வீட்டுக்காரனிடமிருந்து. கொலையாளி அந்த அண்டை வீட்டுக்காரனே. மாண்ட மூவரும் தீயவர்கள்தாம். ஆனால், எக்குற்றத்திற்காக ஜிம் அவர்களைக் கொன்றாரோ அக்குற்றத்தைச் செய்தவர்கள் அல்லர்.

இதன்பின் படம் ஏன் இத்துணை விரைகிறது? ஜிம் தேவாலயம் சென்று பாதிரியாரிடம் மனம் திறக்கிறார். வெளியே ஊரார் அவரை வீரராகக் கொண்டாடுகின்றனர். தமக்காகப் பிரார்த்திக்குமாறு வேண்டிவிட்டு, மகளுடனும் பழைய காதலியுடனும் அவர் புறப்படுகிறார். ஜோன் காலின்ஸ் ஏற்ற அக்காதலி பாத்திரம் கதையில் ஒட்டவே இல்லை. துரத்தலுக்குப் பெரும்பகுதியை அளித்த இயக்குநர், குற்றவுணர்வுக்குச் சில நிமிடங்களையே ஒதுக்கினார்.

இதே இயக்குநரும் இதே நடிகரும் 1950-இல் 'தி கன்ஃபைட்டர்' படத்தில் துப்பாக்கி வீரன் ஒருவனின் சலிப்பைப் பொறுமையாகக் காட்டியவர்கள். கறுப்பு வெள்ளையில் அமைந்த அப்படத்தின் நிதானம், மெக்சிகோவின் மலைகளை வண்ணத்தில் அள்ளித்தந்த இப்படத்தில் இல்லை. கெஞ்சியவன் பொய் சொல்லவில்லை என்பதை அறிந்த ஜிம், அன்றிரவு எங்ஙனம் உறங்கினார்? அதைத்தான் நாம் காண விரும்பினோம்.